குழந்தைகள் ஓட்டும் பேட்டரி கார் சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

"பேட்டரி போயிருச்சுண்ணே, புதுசு போட்டுக் குடுங்க." வண்டியை ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே இதைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை என்று இந்த ராமநாதபுரம் கடலோரச் சுற்றுவட்டாரத்தில் யூ.பி.எஸ்., இன்வெர்ட்டர் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி காரையும் ஜீப்பையும் நான் தேடிப் போகவில்லை, யூ.பி.எஸ்.ஸில் இருக்கும் அதே பேட்டரிதான் அதிலும் இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய் அதுவாக என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அப்படி வந்ததில் பாதிக்குப் பாதி பேட்டரி நல்ல நிலையில்தான் இருந்தது. பழுது வேறெங்கோ. பெரும்பாலும் உப்புக்காற்று பட்டுக் களிம்பேறிய ஏதோ ஒரு இணைப்பு.

கீழே சொல்வதெல்லாம் சீட்டுக்கு அடியில் கனமான, மூடிய ஈய பேட்டரி வைத்த வண்டிக்கு. 6 வோல்ட் 4.5 ஏ.எச்., 12 வோல்ட் 4.5 அல்லது 7 ஏ.எச். என்று அதன் மேலேயே போட்டிருக்கும் (ஏ.எச். என்பது ஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு). பேட்டரி மேல் லித்தியம் என்று இருந்தால் இதில் எதையும் செய்யாதீர்கள், அதற்கு அதனுடைய சார்ஜரைத் தவிர வேறெதுவும் கூடாது, பழுதென்றால் நேரே கடைதான்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர் (சாதாரணமானதே போதும், டி.சி. 20 வோல்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்), ஸ்க்ரூ டிரைவர், பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் உப்புத்தாள். உப்பு ஏறியதைத் தேய்த்தெடுக்க உப்புத்தாள், பெயர் நன்றாகத்தான் பொருந்துகிறது. கூடவே பைக் ஹெட்லைட்டின் பழைய 12 வோல்ட் 35 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்து வைத்துக்கொண்டால் பேட்டரியைச் சோதிக்க ஆகும்.

எல்லா அறிகுறிக்கும் முன்னால் ஒரே ஒரு சோதனை

சீட்டைக் கழற்றி பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். ஒரு எண் வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சார்ஜரைக் குத்திவிட்டு அதே இடத்தில் மறுபடி பாருங்கள்.

எண் ஏறினால் (12.1 இருந்தது 12.8, 13 என்று மெல்ல மேலே போனால்) சார்ஜ் பேட்டரி வரைக்கும் வருகிறது. பழுது பேட்டரியிலோ, பேட்டரிக்கு அப்புறம் மோட்டார் பக்கமோ.

எண் அசையவே இல்லையென்றால் கரண்ட் வழியில் எங்கேயோ நிற்கிறது. சார்ஜர், சாக்கெட், ஃபியூஸ், வயர் இந்த நான்கில் ஒன்று. பேட்டரியைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். சார்ஜரை எடுத்து இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்ட 12 வோல்ட் பேட்டரி 12.7-க்குப் பக்கத்தில் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-க்குப் பக்கத்தில் காட்டினால், எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கிட்டத்தட்டக் காலி. 6 வோல்ட்டுக்கு இதில் பாதி.

அறிகுறி: சார்ஜரில் விளக்கே எரியவில்லை

முதலில் அதே பிளக் பாயிண்டில் போன் சார்ஜரைக் குத்திப் பாருங்கள். சிரிக்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்சைப் போடாமல் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

போன் சார்ஜ் ஆகிறது, வண்டி சார்ஜருக்குத்தான் உயிரில்லை என்றால்: வண்டி எந்த ஊரிலிருந்து வந்தது? கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பாதி வண்டி துபாய் வாப்பாவோ மலேசியா மாமாவோ அனுப்பியதாக இருக்கும். அங்கெல்லாம் பிளக்குக்குச் சதுர முள். மின்சாரம் நம்முடையது போலவேதான், அதனால் சார்ஜர் எரியாது. ஆனால் சதுர முள்ளை நம் பாயிண்டில் பொருத்த நடுவில் வைக்கிற மாற்று பிளக் லொடலொடவென்று இருக்கும், உள்ளே பொறி பறந்து கருகியிருக்கும். அதை மாற்றினாலே பல சமயம் விளக்கு எரிந்துவிடும். சதுர முள்ளில் இன்னொரு விஷயம், தனி வயரோடு வருகிற பிளக்காக இருந்தால் அதற்குள்ளேயே ஒரு சின்னக் குழாய் ஃபியூஸ் இருக்கும். கரண்டிலிருந்து கழற்றிவிட்டு, முள் பக்கத்தில் இருக்கும் சின்ன மூடியை நெம்பி எடுத்து, மீட்டரை பீப் அடிக்கும் நிலைக்கு மாற்றி, ஃபியூஸின் இரண்டு முனையிலும் வைத்துச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் ஃபியூஸ் நல்லது. அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி என்றால் சார்ஜரின் மேல் இன்புட் என்ற வரியைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் சரி. வெறும் 110 அல்லது 120 என்று இருந்து, அதை நம் வீட்டுப் பாயிண்டில் குத்தியும் விட்டீர்கள் என்றால் அது போய்விட்டது.

அதுவும் இல்லையென்றால், வயர் சார்ஜரிலிருந்து வெளியே வரும் கழுத்திலும், வண்டியில் குத்துகிற முனையின் கழுத்திலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது விளக்கு மினுக்கினால் உள்ளே அறுந்திருக்கிறது. குழந்தைகள் வயரைப் பிடித்து இழுத்துத்தான் பிடுங்குவார்கள், வேறெப்படி.

எல்லாம் பார்த்தும் சார்ஜர் முனையில் வோல்ட் வரவில்லை என்றால் புதியது வாங்கிவிடுங்கள். பெட்டியை உடைத்துப் பார்க்க வேண்டாம், உள்ளே 230 வோல்ட். ஒன்று சொல்ல வேண்டும், சில சார்ஜர்கள் பேட்டரி இணைந்திருந்தால்தான் வோல்ட்டே விடும், அதனால் வெறும் முனையில் பூஜ்யம் காட்டியதும் தூக்கி எறியாமல் வண்டியில் குத்திய நிலையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதிய சார்ஜர் வாங்கும்போது நான்கு விஷயம் ஒத்துப்போக வேண்டும். வோல்ட், ஆம்பியர், முனையின் அளவு, நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பது. முனையில்தான் ஏமாறுவோம். 2.1 மில்லிமீட்டர் துளை, 2.5 மில்லிமீட்டர் துளை இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், பெரிய துளை சின்ன ஊசியில் நுழைந்தும் விடும், ஆனால் உள்ளே தொட்டும் தொடாமல் நிற்கும். மீட்டரின் சிவப்பு முனையைப் பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பாருங்கள், பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும், அப்படி வந்தால் வண்டியில் குத்தவே குத்தாதீர்கள்.

அறிகுறி: குத்தியதும் பச்சை விளக்கு, ஆனால் வண்டியில் உயிரில்லை

என்னிடம் அதிகம் வருவது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். பச்சை என்றால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். பல சார்ஜர்களுக்குப் பச்சை என்றால் "என்னிடமிருந்து யாரும் கரண்ட் எடுக்கவில்லை" என்பதுதான் அர்த்தம். பேட்டரி நிறைந்ததால் எடுக்காமல் இருக்கலாம், வழியில் அறுந்ததாலும் எடுக்காமல் இருக்கலாம். முனையை வண்டியிலிருந்து உருவிப் பாருங்கள், அப்போதும் அதே பச்சை. பேட்டரியோ 12-க்குக் கீழே காட்டுகிறது. அப்படியானால் வழிதான் அறுந்திருக்கிறது.

சாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். வண்டியில் சார்ஜர் குத்தும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் ஊசி மினுமினுவென்று தெரிய வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ தெரிந்தால் களிம்பு. பல் குத்தும் குச்சியில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி, பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, மெல்லத் தேய்க்க வேண்டும். காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இருந்தால் இன்னும் நல்லது. தேங்காயெண்ணெய் விடாதீர்கள், இரண்டு நாளைக்கு நன்றாக இருக்கும், அப்புறம் தூசியையும் மணலையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து ஃபியூஸ். பேட்டரியின் பிளஸ் வயரில் ஒரு கறுப்பு டப்பிக்குள் இருக்கும். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள், நம் ஊரில் ஃபியூஸின் கம்பி நன்றாகவே இருக்கும், அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் காதுகள்தான் களிம்பேறிக் கிடக்கும். ஃபியூஸை வெளியே எடுத்து ஒருமுறை, டப்பியில் மாட்டிய பிறகு டப்பியின் இரு பக்க வயரிலும் ஒருமுறை, என்று இரண்டு தடவை பீப் பார்க்க வேண்டும். வெளியே பீப் வந்து, மாட்டிய பிறகு வரவில்லையென்றால் டப்பியைத் தேய்க்கவோ மாற்றவோ வேண்டும். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் போடுங்கள். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்ட வண்டி ஒன்று வந்தது, மோட்டார் வயர் முழுக்க உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

ஃபியூஸும் சரியென்றால் பேட்டரி முனையில் செருகியிருக்கும் லக்கைப் பாருங்கள், சிவப்பும் கறுப்புமாக இரண்டு தகடு. விரலால் ஆட்டினால் ஆடக் கூடாது. வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது பேட்டரியின் அமிலம் கசிந்தது, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து பிரஷால் தடவி, நுரை அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அமிலம் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தால் நல்லது. பச்சையாக இருந்தால் உப்புக்களிம்பு, உப்புத்தாள் போதும். தேய்த்து முடித்து லக்கை இடுக்கியால் லேசாக நெருக்கிச் செருகி, மேலே வேஸ்லின் ஒரு பூச்சு.

இதுவும் சரியாக இருந்து இன்னும் கரண்ட் வரவில்லை என்றால், வயருக்குள்ளேயே உப்பு ஏறியிருக்கும். வெளியே பிளாஸ்டிக் புதியது போல இருக்கும், சீவிப் பார்த்தால் செம்பு கறுத்துக் கிடக்கும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, என்ன பற்றவைத்தாலும் உருண்டு விழும். பளபளவென்று செம்பு தெரியும் வரைக்கும் வெட்டிக்கொண்டே பின்னால் போக வேண்டும், சில வண்டியில் ஒரு சாண் தூரம் போயிருக்கிறேன். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடலாம், பெரிய செலவில்லை.

கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியவர். மூன்றாவது வாங்க வந்தபோது, "வண்டியோட கொண்டாங்க காக்கா, பார்த்துட்டு வாங்கலாம்" என்றேன். கறுப்பு வயரின் லக் உள்ளே ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் பேட்டரி வைக்கிற ஒவ்வொரு முறையும் அதை ஆட்டி அசைத்ததில் கொஞ்ச நாள் தொட்டிருக்கிறது, அதனால் "புதுப் பேட்டரியில் ஓடியது" என்று நம்பிவிட்டார். அவருடைய பழைய பேட்டரி இரண்டும் நல்ல பேட்டரிகள், ஆனால் அவற்றைக் காலியாகவே மூலையில் போட்டு வைத்திருந்ததால் உண்மையிலேயே செத்துப்போயிருந்தன. அவருக்கு வந்த வருத்தத்தை இங்கே எழுத முடியாது.

பாம்பனில் புதிய ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பெயிண்டும் போட்டுத்தான் 2025-இல் திறந்தார்கள். அதே காற்றில் ஒரு பொம்மைக் காரின் பித்தளைத் தகடு எத்தனை நாள் தாங்கும் சொல்லுங்கள்.

வழி முழுக்கச் சுத்தம், ஆனாலும் உடனே பச்சைதான் என்றால்: பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே போயிருக்கிறதா பாருங்கள். அவ்வளவு கீழே போன பேட்டரியை சில சார்ஜர் பேட்டரியாகவே கணக்கில் எடுக்காது. அதை எழுப்பிப் பார்க்க கடையில் அளவு மாற்றக்கூடிய சப்ளை இருக்கும், நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்கிற வேலை அது. சில நாள் காலியாக இருந்தது எழும், மாதக்கணக்கில் கிடந்தது பெரும்பாலும் எழாது. வீட்டில் முயற்சி வேண்டாம்.

அறிகுறி: விடிய விடியப் போட்டும் சிவப்பு மாறவில்லை

பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். அதைப் பொறுத்து இரண்டு வழி.

சூடில்லை அல்லது லேசான கதகதப்பு: நேரம் போதவில்லை, அவ்வளவுதான். கணக்கு எளிது. பேட்டரியின் ஏ.எச். எண்ணை சார்ஜரின் ஆம்பியரால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 7 ஏ.எச். பேட்டரிக்கு 1 ஆம்பியர் சார்ஜர் என்றால் எட்டரை மணி நேரம். அதே பேட்டரிக்கு யாரோ 500 மில்லி ஆம்பியர் சார்ஜரை வாங்கி வைத்திருந்தால் பதினேழு மணி நேரம் ஆகும், ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் மறுநாள் மத்தியானம் மூன்று. நடுவில் கரண்ட் போன நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசி கார்த்திகையில் அது கொஞ்ச நேரமாகவா இருக்கிறது.

நல்ல சூடு, வோல்ட் 11-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது: பேட்டரிக்குள் ஆறு அறை உண்டு, ஒவ்வொன்றும் 2 வோல்ட். ஒன்று உள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டால் மீதி ஐந்துதான் எண் காட்டும். சார்ஜர் அதை நிறைக்கப் பார்க்கும், ஆகாது, விடாமல் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிடுங்கிவிடுங்கள். இதற்குப் பழுது பார்ப்பு கிடையாது, புதுப் பேட்டரிதான். யாராவது மேல்மூடியை நெம்பி பேட்டரித் தண்ணீர் ஊற்றினால் சரியாகும் என்பார்கள். மூடிய பேட்டரியில் அந்த வேலை வேண்டாம், ஷார்ட் ஆன அறையைத் தண்ணீர் என்ன செய்யும்?

விளக்கே மாறாத, ஒற்றை விளக்கு மட்டும் உள்ள மலிவுச் சார்ஜரும் உண்டு. அது நிறைந்ததும் தானாக நிற்காது. மேலே சொன்ன கணக்கைப் போட்டு போனில் அலாரம் வையுங்கள்.

அறிகுறி: நிறைந்துவிட்டது என்கிறது, பத்து நிமிடத்தில் படுத்துவிடுகிறது

வண்டியை எங்கே ஓட்டினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அரியமான் கடற்கரை மணலில் என்றால் பதில் அங்கேயே முடிந்தது. வீட்டுத் தரையில் ஓட எடுக்கிற கரண்டைப் போலப் பல மடங்கை மணலில் மோட்டார் இழுக்கும். மேலே உட்கார்ந்தது யார் என்றும் கேட்பேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கியதில் பத்து வயது அண்ணனும் பின்னால் தொற்றிக்கொண்டு போவான்.

அது இல்லையென்றால் வண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சுற்ற வேண்டும் (மோட்டார் இருக்கும் பின் சக்கரம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அது இயல்பு). எங்கள் பக்கம் அச்சில் தூண்டில் நரம்பும் வலை நூலும் சுற்றிக்கொண்டு வரும், கடலோரத் தெருவில் அதற்கா பஞ்சம். பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, மணலைத் துலக்கி, அச்சில் கொஞ்சம் கிரீஸ்.

பிறகு ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு உடனே சீட்டைத் திறந்து லக்குகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் அங்கே களிம்பு, பேட்டரியின் வலு பாதி அந்த இடத்தில் சூடாகவே போய்விடுகிறது. பச்சை விளக்கு அறிகுறியில் சொன்ன சுத்தம்தான் வைத்தியம்.

இதெல்லாம் தாண்டினால் பேட்டரி. முழுக்க சார்ஜ் ஏற்றி, ஆறவிட்டு, ஹெட்லைட் பல்பை மாட்டிக்கொண்டு மீட்டரைப் பார்த்தபடி இருங்கள். நல்ல 7 ஏ.எச். பேட்டரி பத்து நிமிடம் கழித்தும் 12-க்குக் கீழே இறங்காது. மூன்று நான்கு நிமிடத்திலேயே 11-க்குக் கீழே சரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. 4.5 ஏ.எச். கொஞ்சம் கூடுதலாக இறங்கும், அதற்குச் சலுகை கொடுங்கள். சார்ஜர் பச்சை காட்டியது பொய்யில்லை, சின்னதாகிப்போன சொம்பு சீக்கிரம் நிறைவது போலத்தான்.

இரண்டு 6 வோல்ட் பேட்டரியைக் கோத்து 12 ஆக்கிய வண்டியும் நிறைய வருகிறது. அதில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று 6.3, இன்னொன்று 4.2 என்று காட்டினால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டது. ஆனாலும் மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பழையது பலவீனமாக இருப்பதால் புதியதையும் சீக்கிரம் இழுத்துக்கொண்டு போய்விடும். வயரைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோர்வை மாறிப்போய் பொறி பறக்கவிட்டு என்னிடம் வந்தவர்களில் ஒரு எலக்ட்ரிக்கல் டிப்ளமோ மாணவனும் உண்டு.

அறிகுறி: சார்ஜ் நன்றாக ஏறுகிறது, வண்டி அசையவே இல்லை

சார்ஜர் முனையை உருவிவிட்டீர்களா? குத்தியிருக்கும்போது ஓடக் கூடாது என்றே பல வண்டிகளைச் செய்திருக்கிறார்கள். உருவியும் ஓடவில்லையென்றால், அந்த சாக்கெட்டுக்குள் இருக்கும் சின்னத் தகடு பழைய இடத்துக்குத் திரும்பாமல் சிக்கிக்கொண்டிருக்கும். முனையைப் பத்துப் பதினைந்து தடவை குத்திக் குத்தி எடுங்கள், பாதி வண்டி இதிலேயே உயிர் பெறும். திரும்பத் திரும்ப வந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும்.

முன்னே பின்னே போகும் சுவிட்ச் நடுவில் நிற்கிறதா, ரிமோட்டில் இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்ததா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பாட்டு பாடுகிறது, லைட் எரிகிறது, மோட்டாருக்கு மட்டும் வரவில்லை என்றால் மிதி சுவிட்ச் அல்லது கண்ட்ரோல் போர்டு. மிதிக்கு அடியில் மணல் போயிருந்தால் நீங்களே தட்டி எடுக்கலாம். போர்டுக்கு மேல் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் வண்டியைக் குழாய் போட்டுக் குளிப்பாட்டுகிற பழக்கத்தின் பலன் பெரும்பாலும் இந்த போர்டில்தான் தெரியும். ஈரத்துணி போதும்.

அறிகுறி: சூடு, உப்பல், அழுகின முட்டை நாற்றம்

இதில் சோதனை எதுவும் கிடையாது. பிளக்கை நிறுத்து, ஜன்னலைத் திற, வண்டியை வாசலுக்குத் தள்ளு. பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. ஆறிய பிறகு பேட்டரியின் பக்கவாட்டு உப்பியிருந்தால் அதை இனி ஒருபோதும் சார்ஜ் போடக் கூடாது.

இது எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கரையில் காரணம் பெரும்பாலும் ஒன்றே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதுவும் பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்து வரும். போட்டின் பெரிய பேட்டரி கரையேறி வீட்டுக்கு வந்திருக்கும், அதை ஏற்றுகிற பெரிய சார்ஜரும் கூடவே இருக்கும். பிள்ளை அழுகிறானே என்று வண்டியின் குட்டி பேட்டரிக்கு அதைக் கிளிப் மாட்டிவிடுவார்கள். "ரெண்டும் 12 வோல்ட்தானே மாப்ளே" என்பார்கள். வோல்ட் ஒன்றுதான், ஆம்பியர்? 7 ஏ.எச். பேட்டரியின் மேலேயே தொடக்கக் கரண்ட் 2.1 ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது போல ஒரு வரி போட்டிருக்கும், போட் சார்ஜர் பத்து ஆம்பியர் தள்ளும். ஒரு மணி நேரத்தில் கொழுக்கட்டை மாதிரி உப்பிவிடும்.

சார்ஜர் மட்டும் கொதிக்கிறது, பேட்டரி சாதாரணமாக இருக்கிறது என்றால், சார்ஜரைத் துணிக்கடியிலோ மெத்தை மேலோ வைத்திருக்கிறீர்களா பாருங்கள். கையில் பிடிக்க முடிகிற சூடு சரி, பிடிக்க முடியாத சூடென்றால் மாற்றுங்கள்.

புதுப் பேட்டரிதான் என்று முடிவானால்

பொம்மைக் கடைக்குப் போக வேண்டாம். 12 வோல்ட் 7 ஏ.எச். என்பது கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸில் இருப்பதேதான், ராமநாதபுரத்தில் எந்த யூ.பி.எஸ். கடையிலும் கிடைக்கும், ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக இருக்கும். 6 வோல்ட் 4.5 ஏ.எச். என்பது எமர்ஜென்சி விளக்கில் வருவது. நீள அகல உயரத்தையும் லக் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 12.5-க்குக் கீழே காட்டினால் ரொம்ப நாள் அலமாரியில் தூங்கியது, வேறு கேளுங்கள். வோல்ட்டை மட்டும் ஏற்றிப் போடாதீர்கள். 6 வோல்ட் வண்டியில் 12 வைத்தால் பறக்கும் என்று மாணவர்கள் வந்து கேட்கிறார்கள், பறக்கும், பல் சக்கரமும் போர்டும் கூடவே பறக்கும். பழையதைக் கடையிலேயே கொடுத்தால் ஈயத்தின் எடைக்குக் கொஞ்சம் கழிப்பார்கள்.

மாதக்கணக்கில் நிற்கிற வண்டி

விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் துபாய்க்குத் திரும்பியதும் வண்டி உம்மம்மா வீட்டுத் திண்ணையில் நிற்கும், அடுத்த வருடம் வரைக்கும். வண்டி என்னிடம் வருவதும் அந்த அடுத்த வருடம்தான். ஈய பேட்டரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இறங்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். காலியாகக் கிடந்தால் உள்ளே தகடுகளில் படிவம் இறுகி, அப்புறம் எந்தச் சார்ஜரும் ஏற்ற முடியாது.

அதனால் கடைசியாக ஓட்டிய அன்றே, அரை மணி நேரம் ஆறவிட்டு, முழுக்க ஏற்றிவிடுங்கள். ஏற்றியதும் பேட்டரியின் சிவப்பு லக்கைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தாலும் ரிமோட் போர்டு துளித்துளியாகக் குடித்துக்கொண்டிருக்கும் வண்டிகள் உண்டு. வீட்டில் இருப்பவர்களிடம் மாதம் ஒரு நாள் குறித்துக் கொடுங்கள். ஒரு பெரியம்மாவுக்கு நான் முதல் வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன், காலை டீ போடும்போது லக்கை மாட்டிக் குத்திவிட்டு மத்தியானச் சோறு முடிந்ததும் எடுத்துவிடுவார். அவ்வளவு நேரம் போதும், மாதாமாதம் இறங்குவது கொஞ்சம்தான். வண்டியைத் திண்ணையிலிருந்து உள்ளறைக்கு மாற்றி, கச்சான் காற்று நேரே அடிக்காத சுவரோரமாக, சீட்டின் மேல் ஒரு பழைய போர்வை போட்டு வையுங்கள். பாலித்தீன் உறை போடாதீர்கள், உள்ளே வியர்த்துப்போகும்.